பேர் வெட்டினால் காம்பராவும் போச்சா?

“பேர் வெட்டியாச்சுன்னா காம்பராவ விட்டுறணும். தொரை கடுதாசி குடுத்தா பொலிஸ் வந்து சாமான வெளிய போட்டுரும்.” வேலைப் பதிவிலிருந்து பெயரை எடுத்தால் லயத்து அறையும் பறிபோகும், அதற்குத் தோட்டத் துரையின் கடிதமே போதும்: பொல்பிட்டியப் பக்கத் தோட்டங்களில் இதைச் சட்டம் என்றே நம்புகிறார்கள். ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்த கடிதமும் அதே தோரணையில்தான் இருந்தது: 14 நாளில் காலி செய்யவும்.

கடிதம் வேறு, கட்டளை வேறு. வேலை முடிந்த தொழிலாளியைக் குடியிருப்பிலிருந்து எழுப்ப நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டம். கெடு முடிந்தால் தொரை போக வேண்டிய இடம் நீதிமன்றம். தகரத்தைக் கழற்றுவதற்கும் பூட்டுப் போடுவதற்கும் அந்தக் கடிதம் அனுமதி அல்ல.

“போகாவிட்டால் அத்துமீறல் கேஸ்” என்பது அடுத்த மிரட்டல். இது பழைய மிரட்டல், தோற்றதும்கூட. கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்கு எடுத்து, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. 1946இல் அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. லயத்தை விட்டுப் போகாத செல்வநாயகம் என்ற தொழிலாளியின் மேல் போட்ட அத்துமீறல் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1950இல் தீர்ப்பு அவர் பக்கம் ஆனது. அவருடைய எண்ணம் குடியிருந்த இடத்திலேயே இருப்பது; யாரையும் தொந்தரவு செய்வது அல்ல. அதனால் குற்றமில்லை. கூலிக்காரன் கேஸில் முடியரசு தோற்ற கதையை நம் பள்ளிப் புத்தகங்களில் தேடத்தான் வேண்டும்!

“வாடகையே கட்டலியே, என்ன உரிமை?” என்றும் கேட்கிறார்கள். வாடகைவீட்டுக்கு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இருக்கிறது. லயத்துக்கு மேலே சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ், தகுதிவாய்ந்த அதிகாரி கையெழுத்திட்ட நோட்டீஸ் வந்தால் விஷயம் கடுமை. அதில் குறைந்தது 30 நாள் தவணை இருக்கும். பிறகு நீதவான் முன் காட்டக்கூடியது செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் போன்ற அரசின் எழுத்து ஆவணம் மட்டுமே. மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. அதிலும்கூட வெளியேற்றும் கட்டளை நீதவானுடையது.

அக்காவின் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தச் சட்டத்தின் இலக்கமும் அதில் இல்லை. தோட்டத்து சீல் மட்டும் இருந்தது, கோணலாக.