பல முடிச்சு உள்ள நோய்

ஆல்பனியில் எங்கள் வீட்டில், அம்மா ஒரே கேள்வியைக் காலையில் நாலு தடவை கேட்பார். "வயசாச்சு, மறதி சகஜம்தானே" என்று இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டோம். பிறகுதான் டாக்டர் அல்சைமர் என்றார். "குணமாக மாத்திரை இல்லையா?" என்று கேட்டேன்.

மாத்திரை உண்டு, குணமாகாது. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சிதையாமல் காக்கிறது. அறிகுறிகள் கொஞ்ச காலம் தணியும். நரம்பு செல்கள் அழிவது நிற்காது. 2023-இல் அங்கே முழு அனுமதி பெற்ற லெகனெமாப், அமிலாய்டு படிவை அகற்றும் மருந்து. ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நிறுத்தவில்லை.

காரணம், இந்த நோயில் முடிச்சுகள் பல: அமிலாய்டு, டௌ புரதம், அழற்சி, ரசாயனக் குறைவு. ஒன்றை அவிழ்த்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். அதனால்தான், ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று இலக்குகளைத் தாக்கும்படி மருந்து செய்யப் பார்க்கிறார்கள். டோனெபெசிலின் ஒரு பகுதியோடு இன்னொரு மருந்தின் பகுதியை இணைப்பது இதில் ஒரு வழி. ஏற்கெனவே பிரஷருக்கும் சுகருக்கும் கைநிறைய மாத்திரை விழுங்கும் முதியவருக்கு, இன்னும் இரண்டு மூன்று சேராமல் ஒன்றோடு முடிந்தால் நல்லதுதானே?

ஆனால் சுலபமில்லை. மூலக்கூறு பெரிதானால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. ஒரு இலக்குக்குப் போதுமான அளவு இன்னொன்றுக்குப் போதாது. இஸ்ரேலில் உருவான லடோஸ்டிகில் இந்த வகைதான். லேசான மறதி உள்ளவர்களிடம் மூன்று வருஷம் சோதித்தும், அது அல்சைமராக மாறுவதைத் தெளிவாகத் தடுத்ததாக நிரூபணமாகவில்லை. அதற்காக இந்த வழியே தப்பு என்று நான் நினைக்கவில்லை. பல முடிச்சு உள்ள நோய்க்கு ஒற்றை விரல் போதாது. இந்த ஆராய்ச்சிக்குப் பணமும் பொறுமையும் வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கக் கூடாது. புதிய மருந்துகள் ஆரம்பக் கட்டத்துக்கே. நாங்கள் "சகஜம்" என்று தொலைத்த இரண்டு வருஷம் அந்தக் கட்டம்தான். காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை ஆகியவற்றை இன்றே கவனிக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளே, பாட்டியின் மறதியை முதலில் கவனிப்பது நீங்களாகவும் இருக்கலாம்; வீட்டில் சொல்லுங்கள். நினைவுப் பரிசோதனைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நியூசிலாந்தில் நோயாளிகள் உரிமைச் சட்டவிதியே அதற்கு இடம் தருகிறது. அம்மாவிடம் இப்போது மிச்சமிருப்பது தமிழ் மட்டும். இங்கிலீஷில் கேட்ட கேள்விகளுக்கு அவர் பேசாமல் இருந்ததை, மறதி என்றே எழுதிக்கொண்டார்கள்.