பார்வையற்ற குழந்தையும் ராட்டினமும்

கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். உணவு, உத்தியோகம், கல்வி ஆகிய பெரிய விஷயங்கள் காத்திருக்க, ராட்டினத்துக்கு என்ன அவசரம் என்று அவர்கள் கேட்கலாம். பெரியவர்களுக்கு ராட்டினம் அற்ப விஷயந்தான். எட்டு வயதுக் குழந்தைக்கு அப்படியன்று. சக மாணவர்களோடு உற்சாகமாகப் புறப்பட்டு வந்து, வெயிலில் வரிசையாய் நின்று, கடைசியில் “இந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது, ஏற்ற முடியாது” என்று தனியே ஒதுக்கப்படும் குழந்தை, இத்தேசத்தில் தனக்குரிய இடம் எது என்பதை அந்தக் கணத்திலேயே கற்றுக்கொள்கிறது.

இவ்வாறு மறுப்பவர்கள் கூறும் காரணம் “பாதுகாப்பு” என்பதே. அச்சொல்லைக் கேட்டதும் பெற்றோர் வாயடைத்துப் போகின்றனர். நாம் சற்று நிதானித்து ஆராய்வோம். ரோலர் கோஸ்டர் என்னும் வண்டியில் ஏறியவர் செய்யவேண்டிய காரியம் யாது? வண்டியை ஓட்டுவதா, வழி பார்ப்பதா? பட்டையைப் பூட்டிக்கொண்டு, பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றுமில்லை. சுழற்சியை உணர்த்துவது உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள். முகத்தில் மோதும் காற்றுக்கும் வயிற்றைக் கலக்கும் இறக்கத்துக்கும் கண் எதற்கு? கண்ணுள்ளவர்களே உச்சிக்குப் போனதும் கண்ணை இறுக மூடிக்கொள்வதை மேற்படி நிர்வாகிகள் கண்டதில்லையோ?

மெய்யான அபாயம் ஒன்று உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. நடுவழியில் யந்திரம் நின்றுவிட்டால், உயரத்திலிருந்து குறுகிய படிகள் வழியே இறங்க நேரிடும். துணைக்கு ஒருவரை அருகில் அமர்த்துவதும், பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்காமல் தம் முழங்கையைப் பற்றிக்கொள்ளச் செய்து அழைத்துப்போகச் சிப்பந்திகளைப் பழக்குவதும் இதற்குப் பரிகாரம். ஏதேனும் ஒரு யந்திரத்துக்கு இதுவும் போதாதென்றால், அந்த யந்திரத்துக்கு மட்டும் காரணத்தை எழுத்தில் காட்டட்டும். ஒரு யந்திரத்தின் குறைக்காகப் பூங்கா முழுவதும் தடை போடுவது எந்த நியாயம்?

அமெரிக்காவில் 1990-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகள் இவ்விஷயத்தில் மிகத் தெளிவானவை. பாதுகாப்பு நிபந்தனை மெய்யான அபாயத்தின் மீது நிற்க வேண்டுமேயன்றி, ஊகத்தின் மீதோ இன்னாரால் இது முடியாது என்ற பொது எண்ணத்தின் மீதோ நிற்கலாகாது என்பது அவற்றின் சாரம். டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரில் 2010-இல் திறக்கப்பட்ட மார்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்னும் பூங்காவில் ஊனமுற்றோருக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காக்களில் பிரெயில் வரைபடமும், காட்சியைச் செவிக்கு வர்ணிக்கும் கைக்கருவியும் கிடைக்கின்றன. அங்கேயும் எல்லாம் சுவர்க்கமன்று. வரிசையில் நீண்ட நேரம் நிற்க இயலாதோருக்கு அளித்திருந்த சலுகையை 2024-இல் ஆட்டிஸம் முதலிய வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கென்று டிஸ்னியார் சுருக்கிவிட்டனர். பிறநாட்டாரைப் பூஜிப்பது நம் நோக்கமன்று.

அக்குழந்தைக்கு வேண்டுவது அதிகமில்லை. யந்திரம் ஓடாத வேளையில் இருக்கையையும் பட்டையையும் கையால் தடவிப் பார்க்கவிட வேண்டும். ராட்டினத்தின் சிறு மாதிரி ஒன்றை வாயிலில் வைத்தால், அது எவ்வளவு உயரம், எங்கே வளைகிறது என்பதை விரல்களே அறிந்துகொள்ளும். அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல ஒரு வாய் வேண்டும். சிறிது பார்வை எஞ்சியுள்ள குழந்தைகளுக்குப் படிகளின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சட் கோடு போதும். இவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும்: நம் பொருட்காட்சிகளில் மூலைக்கொன்றாய் அலறும் ஒலிபெருக்கிகள்! பார்வையற்றவருக்கு ஓசையே திசை காட்டும் கருவி. அத்தனையும் ஒருங்கே அலறினால் அக்கருவி பாழாகிறது. அவற்றின் வாயைச் சற்று அடக்குவதற்குக் காலணாச் செலவில்லை. மற்றவர்களுடைய செவிகளும் வாழ்த்தும்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், உண்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் கட்டடமாயினும் ஜனங்கள் கேளிக்கைக்காகப் புழங்குவதைப் பொதுக் கட்டடம் என்றே வகுக்கிறது. அதன் 29-வது பிரிவு, சாகசப் பொழுதுபோக்குகளில் ஊனமுற்றோர் கலந்துகொள்ள வழிசெய்வது சர்க்காரின் கடமை என்கிறது. 3-வது பிரிவின்படி, ஊனத்தைக் காரணமாக்கி வேற்றுமை பாராட்டுவோர், அது தகுந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி என்று காட்டினாலன்றித் தப்ப முடியாது. ஆகவே, நிரூபிக்கும் பாரம் குழந்தையின் தகப்பனாரைச் சேர்ந்ததன்று, தடுத்தவரையே சேர்ந்தது. வக்கீல்களுக்கு இதன் கனம் தெரியும்.

ஆனால் விதிகளில் ஓட்டை இருந்தது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 8-11-2024 அன்று ஸுப்ரீம் கோர்ட்டு அந்த ஓட்டையை வெளிப்படுத்தியது. கட்டாயமாக இருக்கவேண்டிய தரங்களை வெறும் சிபாரிசாக்கிவிட்ட 15(1)-வது விதி சட்டத்துக்கு முரணானது என்று தள்ளி, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஒரு மனிதர் பத்தொன்பது வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றதன் பலன் இது.

இதை டில்லியின் பொறுப்பு என்று விட்டுவிட நாம் சம்மதியோம். சென்னைத் தீவுத்திடலிலும் மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியிலும் ராட்டினம் நடத்துவோர் அனுமதி பெற்றே நடத்துகிறார்கள். அந்த அனுமதிப் பத்திரத்தில் மூன்று ஷரத்துகள் சேர்க்கப்பட வேண்டும்: பார்வையற்றவரை ஏற்ற மறுத்தால் அந்த யந்திரத்துக்குரிய காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், துணை வருபவரிடம் தனிக் கட்டணம் வசூலிக்கலாகாது, சிப்பந்திகளுக்கு வழிநடத்தும் பயிற்சி அளித்திருக்க வேண்டும். நகரசபை அங்கத்தினர்களாயுள்ள நம் நண்பர்கள், அடுத்த பொருட்காட்சிக்கு டெண்டர் கோருமுன் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களா?