வீடு பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

காஞ்சிபுரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். காலி செய்கிறோம் என்று சொன்ன மறுநாளே வீட்டுக்காரர் ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கிவிடுவார். "சும்மா பார்த்துட்டுப் போயிடுவாங்கம்மா" என்பார். குடிவர நினைப்பவர், விலைக்குக் கேட்பவர், தரகர், தரகர் கையிலிருக்கும் செல்போன் கேமரா என்று எல்லாமே படுக்கையறை வரை வந்துவிடும்.

இதை வெறும் நாகரிகக் குறைவு என்று கடந்துவிட முடிகிறவர்களுக்குச் சாதியை மறைத்து வாழ வேண்டிய தேவை வந்ததில்லை. 'சைவம் மட்டும்' பலகை தொங்கும் தெருவில் சாதியைச் சொல்லாமல் வீடு பிடித்த தலித் குடும்பத்துக்கு இது சோதனை. வருகிறவர்களின் கண் சுவர் விரிசலோடு நிற்பதில்லை. அலமாரியில் எந்தச் சாமி, சுவரில் யார் படம், அடுப்பில் என்ன வேகிறது என்று அலைகிறது. அட்வான்ஸ் பணம் திரும்பக் கைக்கு வரும்வரை அம்பேத்கர் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

1917இல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கருக்கு நடந்தது நமக்குத் தெரியும். பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கியிருந்தவரின் அறை வாசலுக்குப் பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். யார் நீ என்று கேட்டார்கள். அன்று மாலைக்குள் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. இன்று தடி தேவையில்லை, 'வீடு பார்க்க வந்தோம்' என்றால் கதவு திறந்துவிடும்.

தறி வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. குழித்தறிக்கு வீட்டுத் தரையைத் தோண்ட வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். பாவு ஏற்றிய தறியை நினைத்தவுடன் இன்னொரு வீட்டுக்கு மாற்றவும் முடியாது. வீடே வேலையிடம் என்பதால், யார் உள்ளே வந்தாலும் வாயை மூடிக்கொண்டு நெய்ய வேண்டியதுதான்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்டது. பழுதுபார்ப்பது, வீட்டின் நிலையைச் சோதிப்பது, ஒப்பந்தத்தில் எழுதிய நியாயமான வேறு காரணம் ஆகியவற்றுக்காக மட்டுமே நுழையலாம். அதாவது, வீட்டைப் பிறருக்குக் காட்டலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால், அதற்காக நுழையும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை. ஆனால், சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்க இதே சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசின் கையைத்தான் கட்டுகிறது. வீட்டுக்காரரின் கையைக் கட்டச் சட்டமன்றம்தான் பேச வேண்டும்.

அதுவரை, ஒப்பந்தம் போடும்போதே மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள் தோழர்களே: குடியிருப்பவர் இருக்கும்போது மட்டுமே வீட்டைக் காட்டுவது, படமோ வீடியோவோ எடுக்காமல் இருப்பது, வாரத்தில் எத்தனை முறை என்ற வரம்பு. வாய்மொழியாகக் குடியிருப்பவர்கள், 'எப்போது, யாருடன் வருகிறீர்கள்?' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்டதற்குத் தேதியோடு ஓர் ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.