ஒப்பித்தலும் ஒப்பிடுதலும்

பேசத் தெரிந்தோர் பலர். ஆனால் பேச்சு என்பது யாது? பிரெஞ்சு மொழியின் சிறு வினைச்சொல் ஒன்று இதற்கு அழகிய விடை பகர்கிறது.

'பார்லே' என்றால் பிரெஞ்சில் பேசுதல். அம்மொழியின் தாய் இலத்தீன். இலத்தீனில் பேசுதலைக் குறிக்க 'லோக்வி' என்ற சொல் இருந்தது. சிசரோ போன்ற நாவலர்கள் கையாண்ட சொல் அது. ஆயினும் காலப்போக்கில் அது பொதுமக்களின் நாவிலிருந்து மறைந்தது. 'பரபோலாரே' என்னும் பிற்கால இலத்தீன் வினையே அவ்விடத்தைப் பெற்றது. அதன் வழிவந்ததே 'பார்லே'.

'பரபோலா' என்றால் உவமை. ஒன்றன் பக்கத்தில் இன்னொன்றை இடுதல் என்பது அதன் கிரேக்க மூலப்பொருள். விதைப்பவன், காணாமற்போன ஆடு என ஆண்டவர் சொன்ன கதைகளை இலத்தீன் விவிலியம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. உவமை என்றிருந்தது நாளடைவில் 'சொல்' என்றாகி, அதிலிருந்து 'பேசு' என்ற வினையும் பிறந்தது. இத்தாலியரின் 'பார்லாரே', ஸ்பானியரின் 'பலாப்ரா', ஏன், நாம் அறிந்த பார்லிமெண்டும், கன்னியர் மடத்தில் நம் பெற்றோர் வந்து அமரும் பார்லரும் இவ்வேரின் கிளைகளே!

கி.பி. 813-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், பிரசங்கங்களை எல்லாரும் எளிதில் விளங்கிக்கொள்ளுமாறு மக்களின் பேச்சுமொழியில் பெயர்த்துச் சொல்லப் பணித்தனர். கேட்பவருக்கு எட்டாத பேச்சால் பயன் ஏது?

இங்கே நம் கருத்தைச் சொல்லத் துணிகிறோம். நம் பேச்சுப் போட்டிகளில் அடுக்குமொழிக்கும், மூச்சுவிடாது ஒப்பிப்பதற்குமே கைதட்டல் மிகுதி. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எழுத்தறியாத் தாய்க்கு ஏதேனும் விளங்கிற்றா என்று கேட்பார் இல்லை. ஒப்பித்தல் வேறு, ஒப்பிடுதல் வேறு. முன்னதற்கு நினைவாற்றல் போதும். பின்னதற்கோ, கேட்பவர் எதை அறிவார், எதை அறியார் என்று எண்ணிப்பார்க்கும் அன்பு வேண்டும். அறியாத ஒன்றை அவர் அறிந்த ஒன்றின் பக்கத்தில் வைத்துக் காட்டுவதல்லவா உவமை?

ஆகவே, தோழியரே, மேடை ஏறுமுன் அந்தத் தாயை நினைத்துக்கொள்வோம். மதிப்பெண் இடும் பெரியோரும், சொல்லின் முழக்கத்தோடு விளக்கத்தையும் எடைபோடுவார்களாக. விதையும் ஆடும் போதுமாயிருந்தன, விண்ணரசைப் பற்றிப் பேசுவதற்கே! நமக்கு மட்டும் ஆடம்பரச் சொற்கள் எதற்கு?