பேல் பட்டையில் ஓடும் மிஷின்

மிஷின் மக்கர் பண்ணினால் அதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏகப்பட்ட வழிகள் உண்டு. அமெரிக்கர்கள் ‘ஆன் த ஃபிரிட்ஸ்’ என்பார்கள். ஃபிரிட்ஸ் ஜெர்மானியப் பெயர். அதனால் முதல் உலகப் போரில் எதிரியைத் திட்டப் பிறந்த சொல் என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. போர் தொடங்கியது 1914-இல். சொல்லோ அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அச்சேறிவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படையினர் இன்ஜின் தகராறு செய்தால் ‘கிரெம்லின்’ என்ற குட்டிச்சாத்தான் மேல் பழியைப் போட்டார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பூச்சி. ஜெர்மன்காரன், சாத்தான், பூச்சி: மூவரில் ஒருவருக்கும் மெமோ கொடுக்க முடியாது என்பதுதான் இதில் வசதி.

எனக்குப் பிடித்தது ‘ஹேவயர்’. உலர்ந்த புல்லை அழுத்திக் கட்டும் இரும்புக் கம்பிக்கு அந்தப் பெயர். அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டும் முகாம்களில், வண்டி இழுக்கும் குதிரைகளுக்கும் காளைகளுக்கும் புல்கட்டு வரும். கட்டைப் பிரித்ததும் மிஞ்சும் கம்பியை யாரும் வீசவில்லை. அறுந்த சங்கிலி, உடைந்த கைப்பிடி, கழன்ற அடுப்புக் குழாய் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. அந்நாட்டு வனத்துறை 1905-இல் வெளியிட்ட தொழில்சொல் பட்டியலில் ‘ஹேவயர் அவுட்ஃபிட்’ இருக்கிறது: உருப்படியான தளவாடம் இல்லாமல் மரம் வெட்டுகிறவர்களை ஏளனமாகச் சொல்வது. தறிகெட்டுப் போவது என்ற இன்றைய பொருள் பிறகு வந்தது. வெட்டினால் கம்பி துள்ளிச் சிக்கிக்கொள்ளும், அதனால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். நான் வனத்துறைப் பட்டியலின் பக்கம். அதில்தான் சாமான் வாங்கிக் கொடுக்காத ஆள் மாட்டிக்கொள்கிறார்.

கோவைப் பக்கம் நூற்பாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். எங்களுக்குப் புல் இல்லை, பஞ்சு. 170 கிலோ பேலை இறுக்கி வரும் இரும்புப் பட்டையை ப்ளோரூமில் வெட்டிப் போடுவார்கள். அது மில் முழுக்கப் பயணம் போகும். ஸ்பின்னிங் பிரேமில் கியர் பக்கக் கதவைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு லிமிட் சுவிட்ச். ஒரு பிரேமில் அது போய்விட்டது. ஸ்டோர்ஸில் இருப்பு இல்லை. இன்டென்ட் போட்டால், “இந்த மாசம் பர்ச்சேஸ் எல்லாம் ஹோல்டு” என்று பதில். ஷிப்டோ நிற்கக் கூடாது. பிட்டர் பேல் பட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி மடித்தார். சுவிட்சின் நாக்கு அமுங்கியே இருக்கும்படி செருகி, மேலே டேப்பைச் சுற்றினார். “புதுசு வர்ற வரைக்குந்தானுங்க சார்.” இனி கதவு திறந்திருந்தாலும் பல்சக்கரம் சுற்றும். ஆடிட் வருகிற காலையில் பட்டையை எடுத்துவிட்டு அந்தப் பிரேமுக்கு ‘சர்வீஸ்’ போர்டு மாட்டச் சொல்லி உத்தரவு வரும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் பட்டை பழைய இடத்துக்கு.

அந்த பிட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டிக்காரர். அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் மேலே ஒருவர் இன்டென்டைக் கிடப்பில் போட்டார்.

பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். 2022 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் பனிப்புயல். மற்ற விமான நிறுவனங்கள் சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் படுத்தே கிடந்தது. சுமார் 16,900 விமானங்கள் ரத்து, இருபது லட்சம் பயணிகள் நடுவழியில். எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நிறுவனத்துக்குப் பிடிபடவில்லை. ஊழியர்களுக்கு விமானம் ஒதுக்கும் மென்பொருள் அத்தனை குளறுபடியைத் தாங்கவில்லை. இருக்கும் இடத்தைச் சொல்ல விமானிகள் மணிக்கணக்கில் போனில் காத்துக் கிடந்தார்கள். அந்த மென்பொருளை மாற்றுங்கள் என்று விமானிகள் சங்கம் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்தது. மறுவருடம் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் போட்டது. புயலுக்கு யாரும் அபராதம் போட முடியாது. துறை சரியான ஆளைப் பிடித்தது.

நம் செய்திகளில் ரயில் நின்றாலும் சர்வர் படுத்தாலும் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற ஒரே வரிதான். எந்த உதிரி பாகம், யார் கேட்டார்கள், யார் தரவில்லை என்று அடுத்த நாளும் வருவதில்லை. நிருபர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

குறைந்தபட்சம் அரசுக் கட்டடங்களின் லிப்டில் தொங்கும் ‘பழுது’ அட்டையிலிருந்து தொடங்கலாம். எந்தத் தேதியில் நின்றது, உதிரி பாகம் கேட்டு என்றைக்கு எழுதினார்கள், அந்தக் கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று மூன்று வரி அதிலேயே எழுத உத்தரவு போடட்டும். ஒரு மார்க்கர் பேனா போதும். அதற்கும் இன்டென்ட் போட வேண்டும் என்றால் நானே வாங்கித் தருகிறேன்.