சிலம்பும் போட்டோ பாஸும்

நம் இதழுக்கு வரும் கதைகள் பலவற்றில் கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கிறது. எழுதியவர் அதை முரண்நகை என்று நம்புகிறார். ஆனால் முரண்நகைக்குத் திருப்பம் வேண்டியதில்லை. சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ்’ பார்க்க உட்கார்ந்த ஏதென்ஸ்காரனுக்கு முடிவு முன்பே தெரியும். கொலைகாரனை மன்னன் சபிக்கும்போது தன்னைத்தானே சபித்துக்கொள்கிறான் என்பது அவனைத் தவிர அரங்கம் முழுக்கத் தெரியும். சிலப்பதிகாரத்திலும் பதிகமே கதையைப் போட்டு உடைத்துவிடுகிறது.

தெரிந்த கதையில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பொருள் கைமாறுவது இருக்கிறது. ஈஸ்கிலஸின் ஒரெஸ்டெயா நாடகத் தொடரில் (கி.மு. 458) அகமெம்னான் மிதித்து நடக்க மனைவி செந்துணி விரிக்கிறாள். குளிக்கும் இடத்தில் அவனைச் சுற்றிச் சிக்க வைப்பதும் துணி. அடுத்த நாடகத்தில் மகன் அந்த ரத்தக்கறைத் துணியை ஊரார்முன் விரித்துக் காட்டுகிறான்.

இளங்கோ இன்னும் கெட்டிக்காரர். கோவலன் மாதவி வீட்டிலிருக்கும் நாளெல்லாம் கண்ணகி காலில் சிலம்பு இல்லை. பொருளைத் தொலைத்த வெட்கத்தோடு அவன் திரும்பியதும், சிரித்த முகமாகச் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல்தான் வருந்துகிறான் என்று அவள் எண்ணினாள் என்பது உரை. மதுரைக் கடைத்தெருவில் அது திருட்டுச் சாமான்; அரசவையில் அதுவே சாட்சி. உடைத்தால் உள்ளே அரசியின் சிலம்பிலுள்ள முத்து இல்லை, மாணிக்கம். ஒரு பரல் தெறித்துப் பாண்டியன் வாயில் படுகிறது. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன வாய் அது. கிரேக்கத்திலும் இப்படியோர் இடம் எளிதில் கிடைக்காது.

மும்பை டிராம்பேயில் நமக்குச் சிலம்பு, காகிதம்தான். ஜனதா காலனியில் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கியதே மாநகராட்சி. பக்கத்தில் அணுசக்தி நிலையம் வளர்ந்தது. 1967இல் விஞ்ஞானி ஹோமி பாபாவின் பெயர் பெற்றது. அதற்கு இடம் வேண்டும் என்றதும், இறக்கிவிடப்பட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டை கொடுக்கப் புறப்பட்டது. மே மாதம், நெருக்கடிநிலையின் கெடுபிடியில், ஜனதா காலனி தரைமட்டமானது. ஏறத்தாழ 70,000 பேரைச் சீட்டா கேம்ப்பின் சதுப்பில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். முன்னின்று எதிர்த்த ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 2000இல் மகசேசே விருது பெற்றார். பின்னால் மும்பைக் குடிசைகளுக்கெல்லாம் கட்-ஆஃப் தேதிகள் வந்தன: 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1. அதற்கு முன்பே இங்கே இருந்தோம் என்று நிரூபித்தால்தான் இலவச வீடு. இடிக்கிற சர்க்காரிடமே, இருந்ததற்கான அத்தாட்சியை நீட்ட வேண்டும்.

இதையெல்லாம் கதை அனுப்பும் நம் நண்பர்கள் விதி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஒப்புக்கொள்வதற்கில்லை. சிலப்பதிகாரத்தில் ஊழ்வினை உண்டு, கோவலன்மீது பழி போட்ட பொற்கொல்லனும் உண்டு. இங்கேயும் உத்தரவில் கையெழுத்துப் போட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் கதைக்குள் வரட்டும்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் போட்டோ பாஸோ, பழைய ரேஷன் கார்டோ, இடிப்பு நோட்டீஸோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அது யார் யார் கைக்குப் போனது, எந்தக் கவுன்டரில் செல்லாமல் திரும்பியது என்று ஐந்து பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். மழைக்கு முன் வந்து சேர்ந்தால் அடுத்த இதழில் போடுகிறோம்.