மன இறுக்கம் தணிக்கும் பானங்கள்: பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மன இறுக்கம் குறையும், நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்லி விற்கப்படும் பானங்கள் எனர்ஜி டிரிங்குக்கு நேர் எதிரானவை. அதில் காபீன் இருக்கும் இடத்தில் இவற்றில் வலேரியன், காவா, அஸ்வகந்தா போன்ற வேர்களின் சாறு இருக்கும். அமெரிக்காவில் 2008-இல் விற்பனைக்கு வந்த ‘டிராங்க்’ இந்த வகையில் பேர்பெற்றது. அதில் வலேரியனோடு மெலட்டோனின் என்ற ஹார்மோனும் கலந்திருந்தது. உணவில் சேர்க்க அனுமதி பெறாத பொருள் மெலட்டோனின் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2010 ஜனவரியில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது அஸ்வகந்தா. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் அமுக்கராக் கிழங்கு என்று கேட்டால் கிடைப்பது.

தெரிந்த மூலிகைதானே என்ற தைரியத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. சித்த மருத்துவத்தில் அமுக்கராவைப் பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, சுத்தி செய்த பிறகே சூரணத்தில் சேர்ப்பார்கள். கூடவே சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ சேரும். அளவு திரிகடி, அதாவது மூன்று விரல் நுனியால் எடுக்கும் தூள். யாருக்கு, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்வார். பானத்தில் சேர்வதோ பெரும்பாலும் செறிவூட்டிய சாறு. ஒரு கிராம் சாற்றுக்குப் பல கிராம் கிழங்கு செலவாகியிருக்கலாம். அது வேரிலிருந்து எடுத்ததா, இலையிலிருந்தா என்பதும் குடிப்பவருக்குத் தெரியாது. இலையில் விதாஃபெரின்-ஏ என்ற வேதிப்பொருள் கூடுதல். இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

அஸ்வகந்தா கலந்த துணையுணவு எடுத்தவர்களில் ஐந்து பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-இல் பதிவு செய்தனர். இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மஞ்சள் காமாலையும் அரிப்பும் தோன்றின. நிறுத்தியபின் நால்வர் தேறினர்; ஒருவரின் பிந்தைய நிலை தெரியவில்லை. தைராய்டு, இனப்பெருக்க ஹார்மோன்கள் மீதான விளைவைக் காரணம் காட்டி டென்மார்க் 2023-இல் அஸ்வகந்தாவைத் தடை செய்தது. உலகெங்கும் இதை உட்கொள்பவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் கல்லீரல் பாதிப்பு அரிது. அமுக்கராவை நஞ்சு என்று ஒதுக்க இது போதாது. குளிர்பானம்போல் அளவின்றிக் குடிக்கலாம் என்பதற்கும் இடமில்லை.

காவாவின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஃபிஜி, வனுவாட்டு, டோங்கா தீவுகளில் மிளகின் இனத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் வேரை இடித்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சபையில் எல்லோரும் சேர்ந்து குடிப்பது நெடுங்கால வழக்கம். ஐரோப்பாவில் அதே வேர் அசிட்டோன், எத்தனால் கொண்டு பிரித்த சாறாக மாத்திரையில் விற்கப்பட்டது. கல்லீரல் பாதிப்புகள் பதிவாகவே, 2002-இல் ஜெர்மனி அதன் அனுமதியை ரத்து செய்தது. காரணம் கரைப்பானா, தண்டின் தோலும் தரமற்ற ரகங்களும் கலந்ததா, உடன் எடுத்த மருந்துகளா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 2014-இல் ஜெர்மன் நீதிமன்றம் அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்தது. வனுவாட்டுவில் அன்றாடம் குடிக்க உகந்த உயர் ரகங்களைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் மயக்கம் தரும் ரகத்தை ஏற்றுமதி செய்ய அங்கே அனுமதியில்லை. ஊர் அறிந்து வைத்திருந்த அந்தப் பாகுபாடு, செடி தொழிற்சாலைக்குப் போனபோது கூடப் போகவில்லை.

ஆகவே கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், கல்லீரல் நோயாளிகள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இத்தகைய பானங்களைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்பது அவசியம். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் வலேரியன், காவா இரண்டும் மயக்கத்தைக் கூட்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது; அறுவை சிகிச்சைக்கு முன்பு இவற்றைக் குடிப்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ‘மூலிகைக் கலவை 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால் எதில் எவ்வளவு என்று தெரிய வழியில்லை. அதை வாங்காமல் வைத்துவிடுவதே நல்லது. ஒவ்வொரு மூலிகையின் பெயர், எந்த உறுப்பு, எத்தனை மில்லிகிராம், நாளொன்றுக்கு எவ்வளவு என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உரிம எண்ணும் இருக்க வேண்டும்; அது 14 இலக்கம் கொண்டது. ஆரோக்கியத் துணையுணவாக விற்கப்படும் பொருளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் வேண்டும். அந்த வரிக்கு மேலேயே ‘பதற்றத்தைக் குணமாக்கும்’ என்று அச்சிட்டிருந்தால் அதுவே புகாருக்குரியது.

குடித்த சில வாரங்களில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ பானத்தை உடனே நிறுத்தி, காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பலர் பானத்தைச் சொல்வதில்லை; சொன்னால்தான் காரணம் பிடிபடும். அடுத்ததாக, தொகுதி எண்ணும் பில்லும் சேர்த்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.